ஒரே பட்டியலில் பத்து நஞ்சுகள்: கொழும்பில் இருக்கும் நாம் எதற்கு முதலில் கவலைப்பட வேண்டும்?

வெள்ளவத்தை மூன்றாம் மாடி எழுதியது:

எங்கள் தொடர்மாடிக் குடியிருப்பின் வட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டிருக்கிறது. டீசல் புகை, அஸ்பெஸ்டஸ் கூரை, கிளைபோசேற் என்ற களைகொல்லி, பதப்படுத்திய இறைச்சி, நுளம்புத்திரி, பிளாஸ்டிக் போத்தல் நீர் என்று பலவற்றையும் வரிசையாக எழுதி, இவை யாவும் புற்றுநோயைத் தருவன என்று உலக சுகாதார ஸ்தாபனமே அறிவித்துவிட்டதாக முடித்திருக்கிறார்கள். இரண்டு நாட்களில் ஒருவர் காற்றுச் சுத்திகரிப்புக் கருவியும் இன்னொருவர் விலையுயர்ந்த நீர்வடிகட்டியும் வாங்கிவிட்டார்கள்.

எனக்கு இரண்டு சிறு பிள்ளைகள். வீட்டின் ஒரு பக்கம் காலி வீதி என்னும் பெருவீதியையும் மறுபக்கம் கடலையும் பார்த்திருக்கிறது. வீதிப்பக்கச் சன்னல் விளிம்பைக் காலையில் துடைத்தால் மாலையில் கரும்புழுதி படிந்திருக்கும். அச்சமூட்டும் செய்திகளை நான் போதுமான அளவு படித்துவிட்டேன். சூழல் மாசுகளும் உடல்நலமும் பற்றிய ஆய்வுகள் உண்மையில் எவ்வளவு உறுதியாக எதைச் சொல்கின்றன, அவற்றுள் எது எங்கள் வீட்டுக்குப் பொருந்தும், எதற்குப் பணம் செலவழிப்பது வீண் என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நச்சியல் மேசை எழுதியது:

அந்தப் பட்டியலில் உள்ள பெயர்களுள் பல சரியானவையே. அவற்றை ஒரே வரிசையில் நிறுத்தியதில்தான் தவறு இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கீழ் பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், டீசல் புகையை 2012 இலும், வெளிக்காற்றின் மாசை 2013 இலும், பதப்படுத்திய இறைச்சியை 2015 இலும் தனது முதலாம் தொகுதியில், அதாவது ‘மனிதருக்குப் புற்றுநோயைத் தருவது’ என்ற இடத்தில், சேர்த்தது. புகையிலையும் அஸ்பெஸ்டஸும் அதற்கு நெடுங்காலம் முன்பே அங்கே இடம்பிடித்திருந்தன. கிளைபோசேற் 2015 இல் இரண்டாம் தொகுதியின் முதற்பிரிவில், அதாவது ‘பெரும்பாலும் புற்றுநோயைத் தரக்கூடியது’ என்ற இடத்தில் வைக்கப்பட்டது. நுளம்புத்திரியும் போத்தல் நீரும் பட்டியலை எழுதியவரின் சொந்தச் சேர்க்கைகள்.

அந்த முகவரகம் தொகுதி பிரிப்பது, ஒரு பொருள் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கான சான்று எவ்வளவு வலுவானது என்பதை வைத்துத்தான். எத்தனை பேருக்கு உண்டாக்கும், எவ்வளவு அளவில் உண்டாக்கும் என்பதை அது அங்கே சொல்வதில்லை. நாளொன்றுக்கு 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பவருக்குப் பெருங்குடற் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்களுடைய கணக்கு. புகைப்பவருக்கோ நுரையீரற் புற்றுநோய் வாய்ப்பு பதினைந்து முதல் முப்பது மடங்கு வரை ஏறுகிறது. இரண்டும் முதலாம் தொகுதியிலேயே இருக்கின்றன என்றால், அந்தத் தொகுதி எண்ணை மட்டும் பார்த்து ஒரு குடும்பம் தன் கவலைகளை ஒழுங்குபடுத்த முடியாது என்பது விளங்கும்.

ஆகவே ஒரு பொருள் நஞ்சா என்று கேட்பதோடு நிற்காமல், அது எந்த வழியாக, எவ்வளவு, எத்தனை காலம், யாருடைய உடலுக்குள் போகிறது என்றும் கேட்க வேண்டும். இப்படிக் கேட்டால், என் கணிப்பில், கொழும்பில் வளரும் ஒரு பிள்ளைக்கு முதலிடத்தில் வருபவை இரண்டு: காற்றில் மிதக்கும் நுண்துகள்களும் ஈயமும். மற்றவை பொருட்டல்ல என்று நான் சொல்லவில்லை. இவ்விரண்டிலும் குறைந்த அளவுகூடத் தீங்கு செய்கிறது என்பதற்கான சான்று மிகவும் வலுவானது.

புள்ளிவிபரம் எழுதியது:

நுண்துகள் விடயத்தில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. உலகில் ஆண்டுதோறும் எழுபது இலட்சம் பேர் காற்று மாசினால் இறக்கிறார்கள் என்று சொல்லப்படுகிறது. இவர்களை யாரும் எண்ணவில்லை. மாதிரிக் கணிப்பொன்றில் மாசின் அளவையும் இறப்பு வீதத்தையும் இட்டு, மாசு இல்லாதிருந்தால் எத்தனை இறப்புகள் குறைந்திருக்கும் என்று பெறப்பட்ட விடை அது. எந்த மரணச் சான்றிதழிலும் ‘காற்று மாசு’ என்று எழுதப்படுவதில்லை. மாசு நிறைந்த இடங்களில் வறியவர்கள் வாழ்கிறார்கள். அவர்களே அதிகம் புகைக்கிறார்கள், கடின வேலை செய்கிறார்கள், வைத்தியரிடம் பிந்திப் போகிறார்கள். இவற்றை எல்லாம் கழித்துப் பார்த்தபின் எஞ்சுவது என்ன என்பதைத்தான் நான் அறிய விரும்புகிறேன்.

நச்சியல் மேசை எழுதியது:

உங்கள் கேள்வி நியாயமானது. இதே கேள்வியை அமெரிக்காவில் மிகுந்த பலம் படைத்தவர்கள் கேட்டார்கள் என்பதாலேயே அதற்கு ஒழுங்கான விடையும் கிடைத்தது.

ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறு அமெரிக்க நகரங்களில் 8,111 வயதுவந்தோரைப் பதினான்கு முதல் பதினாறு ஆண்டுகள் வரை தொடர்ந்து அவதானித்து, 1993 இல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொருவருடைய புகைத்தற் பழக்கம், உடற்பருமன், கல்வி, தொழில் ஆகியவற்றைத் தனித்தனியே பதிந்து, அவற்றின் பங்கைக் கழித்த பிறகும், மிகவும் மாசடைந்த ஸ்டூபன்வில் நகரத்தவரின் இறப்பு வீதம், மிகவும் தூய்மையான போர்டேஜ் நகரத்தவரினதைவிட 26 சதவீதம் உயர்ந்திருந்தது. ஆறு நகரங்களையும் வரிசைப்படுத்தியபோது இறப்பு வீதம் நுண்துகளின் அளவோடு ஏறக்குறைய நேர்கோட்டில் ஏறியது. தொழிற்றுறையினர் இதைக் கடுமையாக எதிர்த்துத் தரவுகளைக் கேட்டார்கள். கடைசியில், தொழிற்றுறையும் அரசும் சேர்ந்து நிதி வழங்கும் ஒரு சுயாதீன நிறுவனம் மூலத்தரவுகளைப் பெற்று முழுக் கணக்கையும் மீண்டும் செய்து, 2000 ஆம் ஆண்டில் அதே முடிவுக்கே வந்தது. சூழல் மாசு ஆய்வுகளுள் இந்த அளவுக்கு எதிர்த்தரப்பின் பரிசோதனையைத் தாங்கி நின்றவை சிலவே.

எழுபது இலட்சம் என்பது மாதிரிக் கணிப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த எண்ணை ஒரு விபத்துச் செய்தியின் எண்ணைப் போலப் படிப்பது தவறு. ஆனால் மரணச் சான்றிதழில் எழுதப்படுவதே இல்லை என்பது இப்போது சரியன்று. இலண்டனின் லூவிஷம் பகுதியில், சவுத் சேர்க்குலர் என்னும் பரபரப்பான பெருவீதிக்கு அருகில் வாழ்ந்த எல்லா அடூ-கிஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013 இல் கடும் ஆஸ்துமாவினால் இறந்தாள். அவளது மரணத்துக்குக் காற்று மாசு பங்களித்ததென 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்துப் பதிவு செய்தார். வெள்ளவத்தை அன்பரே, காலி வீதியைப் பார்த்த சன்னல் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது அந்த வழக்குத்தான் என் நினைவுக்கு வந்தது. தங்களை அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. வீதியிலிருந்து எத்தனை மீற்றர் தூரத்தில் ஒரு பிள்ளை உறங்குகிறது என்பது அற்பமான விடயமன்று என்பதற்காகவே சொல்கிறேன்.

வெள்ளவத்தை மூன்றாம் மாடி எழுதியது:

அப்படியாயின் கொழும்பின் காற்று எந்த நிலையில் இருக்கிறது? கைபேசிச் செயலியில் ஒரு நாள் பச்சை நிறமும் மறுநாள் செம்மஞ்சளும் தெரிகின்றன. எதை நம்புவது?

நச்சியல் மேசை எழுதியது:

இரண்டையும் நம்பலாம். அவை அந்த நேரத்து நிலையைக் காட்டுகின்றன. ஆனால் உங்கள் பிள்ளையின் நுரையீரலுக்கு அதிகம் பொருள் உள்ளது ஆண்டுச் சராசரியே. உலக சுகாதார ஸ்தாபனம் 2005 இல் நுண்துகளுக்கு, அதாவது பி.எம். 2.5 என்று குறிக்கப்படும் 2.5 மைக்ரோமீற்றருக்கு மேற்படாத துகள்களுக்கு, ஒரு கனமீற்றர் காற்றில் 10 மைக்ரோகிராம் என்ற ஆண்டுச் சராசரியைப் பரிந்துரைத்தது. 2021 இல் அதை 5 ஆகக் குறைத்தது. 2008 இல் வர்த்தமானியில் வெளியான இலங்கையின் நியமம் 25. ஆகவே ‘நியமத்துக்கு உட்பட்டது’ என்று யாராவது சொன்னால், எந்த நியமத்துக்கு என்று கேளுங்கள்.

கொழும்புக்கு ஒரு பருவகாலமும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடலைக் கடந்துவரும் காற்று நகரத்தைக் கழுவிவிடுகிறது. வடகீழ்ப் பருவக்காற்றின் காலத்தில், ஏறத்தாழ நவம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை, இந்தியத் துணைக்கண்டத்தின் பெருநிலப்பரப்பிலிருந்து மாசு நிறைந்த காற்று இங்கே வருகிறது. நமது வாகனப் புகை அதன்மேல் சேர்கிறது. 2022 டிசம்பரில் வங்காள விரிகுடாச் சூறாவளியோடு வந்த காற்றினால் வானம் மங்கி, டிசம்பர் 9 ஆம் திகதி நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஒரு நாளைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். ஆனால் அதே பருவத்தின் ஏனைய நாட்களில், பாடசாலை விடும் நேரத்தில் பம்பலப்பிட்டியிலோ மருதானையிலோ பஸ்களின் பின்னால் நடந்துபோகும் பிள்ளைகள் சுவாசிப்பதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. எனக்கு அதுவே பெரிய விடயம்.

உங்கள் வீட்டில் செய்யக்கூடியது செலவில்லாதது. காலையிலும் மாலையிலும் நெரிசல் நேரத்தில் வீதிப்பக்கச் சன்னல்களை மூடிக் கடற்பக்கத்தைத் திறந்து வையுங்கள். பிள்ளைகளின் படுக்கையறை வீதிப்பக்கம் இருந்தால் மாற்றுங்கள். சுத்திகரிப்புக் கருவி வாங்குவதென்றால் நுண்துகளைப் பிடிக்கும் ‘ஹெப்பா’ வடிகட்டி உள்ளதாக வாங்கி, மூடிய ஓர் அறையில் மட்டும் பயன்படுத்துங்கள். ஓசோனை வெளியிட்டுக் காற்றைச் சுத்தம் செய்வதாக விற்கப்படும் கருவிகளைத் தொடவே வேண்டாம். ஓசோன் தானே நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு.

கொட்டாஞ்சேனைத் தாய் எழுதியது:

சன்னலைத் திறக்கச் சொல்கிறீர்கள். திறந்தால் நுளம்பு வருகிறது. எங்கள் ஒழுங்கையில் டெங்கு இல்லாத வருடம் கிடையாது. நுளம்புத்திரி ஒன்று நூறு சிகரெட்டுக்குச் சமம் என்று சொல்கிறார்களே, அது உண்மையா? உண்மையென்றால் எதைத் தெரிவு செய்வது?

நச்சியல் மேசை எழுதியது:

அக்கா, உங்கள் கேள்விக்கு ‘எரிக்காதீர்கள்’ என்று ஒரு சொல்லில் விடை சொல்பவர்கள் 2017 ஐ மறந்தவர்கள். அந்த ஒரு வருடத்தில் இலங்கையில் பதிவான டெங்கு நோயாளர்கள் 186,000 க்கும் அதிகம்.

நூறு சிகரெட் என்ற கதைக்கு ஓர் உண்மையான ஊற்று உண்டு. சீன, மலேசியத் திரிகளை ஆய்வுகூடத்தில் எரித்துப் பார்த்து 2003 இல் வெளியான ஒரு கட்டுரை, ஒரு முழுத் திரி வெளியிடும் நுண்துகளின் நிறை, 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் நுண்துகளின் நிறைக்குச் சமம் என்று கண்டது. வெளியிடப்படும் நிறை என்பதைக் கவனியுங்கள். சிகரெட்டின் புகையை ஒருவர் நேரே நுரையீரலுக்குள் இழுக்கிறார். திரியின் புகை பல மணி நேரமாக அறை முழுவதும் பரவுகிறது. சன்னல் திறந்திருந்தால் பெரும்பகுதி வெளியேறுகிறது. ஆகவே நூறு சிகரெட் புகைத்த தீங்கு வரும் என்பது அந்த ஆய்வின் முடிவன்று. அதே வேளை, சிறிய அறையில் எல்லாவற்றையும் மூடிவிட்டுக் குழந்தையின் தலைமாட்டில் திரியை எரிய விடுவது நெரிசல் வீதியை அறைக்குள் கொண்டுவருவதற்கு ஒப்பானது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விடயம் இருக்கிறது. டெங்கைப் பரப்பும் ஏடிஸ் நுளம்பு பெரும்பாலும் பகலில், குறிப்பாகக் காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னும் கடிப்பது. நாமோ இரவு படுக்கும்போது திரியைக் கொளுத்துகிறோம். இரவில் கடிப்பவை பெரும்பாலும் வேறு இன நுளம்புகள். ஆகவே பகலில் உறங்கும் குழந்தைக்கு வலை கட்டுவதும், சன்னலுக்குக் கம்பிவலை அடிப்பதும், நீர் தேங்கும் பாத்திரங்களையும் கூரைப்பீலிகளையும் வாரந்தோறும் பார்ப்பதும் டெங்கையும் புகையையும் ஒருங்கே குறைக்கும். திரி எரித்தே ஆக வேண்டிய நாளில் வாசலுக்கு வெளியே எரியுங்கள்.

செட்டியார் தெரு எழுதியது:

எங்கள் குடும்பம் தலைமுறைகளாக நகை வேலை செய்கிறது. கே.டி.எம். பற்றுவைப்பு பற்றி யாரும் இங்கே எழுதவில்லை. வாடிக்கையாளர்கள் சிலர் கே.டி.எம். நகையை அணிந்தால் புற்றுநோய் வருமா என்று கேட்கிறார்கள். பட்டறையில் அதை ஊதிப் பற்றுவைக்கும் எங்களிடம் அந்தக் கேள்வியை எவரும் கேட்டதில்லை.

நச்சியல் மேசை எழுதியது:

ஐயா, இந்த இழையில் இதுவரை வந்தவற்றுள் மிகக் கூர்மையான கேள்வி உங்களுடையது. கே.டி.எம். என்பது காட்மியம் கலந்த பற்று. காட்மியம் 321 பாகையில் உருகி 767 பாகையில் கொதிக்கிறது. தங்கப் பற்றுவைப்புக்குத் தேவையான வெப்பநிலை அதற்கு அண்மையிலோ மேலேயோ இருப்பதால், பட்டறையில் காட்மியம் ஆவியாகி ஒட்சைட்டுப் புகையாக வெளிவருகிறது. நகையை அணிபவருக்கு, உறைந்த உலோகத்திலிருந்து தோல் வழியாகப் போவது மிகமிக அற்பம். ஊதுகுழலின் முன் குனிந்திருப்பவருடைய நுரையீரலுக்குப் போவது அற்பமன்று.

உள்ளே சென்ற காட்மியம் சிறுநீரகத்தில் தங்குகிறது. அது பாதியாகக் குறையவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும். இள வயதில் சேர்ந்தது முதுமையில் சிறுநீரகக் குழாய்களைப் பழுதாக்கிச் சிறுநீரில் புரதத்தைக் கசிய வைக்கலாம். புகைப்பவர்களுக்குச் சிகரெட்டினாலும் காட்மியம் சேர்கிறது என்பதால், புகைக்கும் பத்தருக்கு இரட்டைச் சுமை. துத்தநாகம் முதலியன கலந்த, காட்மியம் இல்லாத பற்றுகள் இன்று சந்தையில் உள்ளன. அவற்றுக்கு மாறுவதே முதல் தீர்வு. அதுவரை புகையை முகத்துக்கு வருமுன் வெளியே இழுக்கும் விசிறி வேண்டும். சாதாரண சத்திரசிகிச்சை முகக்கவசம் உலோகப் புகையைத் தடுக்காது. சிறுநீரில் காட்மியத்தையும் நுண்புரதத்தையும் அளக்கும் பரிசோதனைகளைப் பற்றி வைத்தியரிடம் உங்கள் தொழிலைச் சொல்லிக் கேளுங்கள்; தொழிலைச் சொல்லாவிட்டால் அவர் அந்தத் திசையில் யோசிக்கமாட்டார்.

சுண்ணாகம் கிணறு எழுதியது:

வாசித்துக்கொண்டே வந்தேன். சான்று, அளவு, வழி என்று நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் அந்தக் கணக்கை யார் செய்கிறார்கள், செய்து முடியும்வரை தண்ணீரைக் குடிப்பது யார் என்பதையும் கேட்க வேண்டும். நான் இப்போது கொழும்பில் வேலை செய்தாலும் என் வீட்டுக் கிணறு சுண்ணாகத்தில் இருக்கிறது. மின் நிலையத்திலிருந்து வந்த எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தபோது, வாளியில் அள்ளிய நீரின்மேல் மினுக்கம் தெரிந்தது. மூக்குக்கு மணமும் தெரிந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதில் ஓரிடத்தில் ஊற்றியது வெடிப்புகளின் வழியே இன்னோரிடத்தில் கிளம்பும். அப்போது ஓர் அறிக்கை ஒன்றைச் சொல்ல, இன்னோர் அறிக்கை வேறொன்றைச் சொல்ல, மக்கள் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், நீர் மாசடைந்தது உண்மையென ஏற்று, கிணற்று உரிமையாளர்களுக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்கும்படி மின் நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. எண்ணெய் கலந்த ஆண்டுகளை அந்தத் தீர்ப்பு திருப்பித் தராது.

பெற்றோலில் ஈயத்தைச் சேர்க்கலாம் என்று அமெரிக்காவில் 1921 இல் கண்டுபிடித்தார்கள். 1925 இலேயே பொதுச் சுகாதார நிபுணர்கள் எச்சரித்தார்கள். சான்று போதாது என்று சொல்லியே அதை விற்றார்கள். இலங்கையில் அது நின்றது 2002 இல். உலகின் கடைசி நாடான அல்ஜீரியாவில் நின்றது 2021 இல். சான்றுக்காகக் காத்திருப்பதன் விலையை ஒரு நூற்றாண்டுப் பிள்ளைகள் கட்டியிருக்கிறார்கள். ஆகவே ஐயம் எழுந்தவுடன் நிறுத்த வேண்டும், பிறகு ஆராயலாம் என்பதே என் நிலைப்பாடு.

மலைநாட்டான் எழுதியது:

சுண்ணாகம் அண்ணா, உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஐயம் எழுந்தவுடன் நிறுத்தியதன் விலையை எங்கள் பெற்றோர் கட்டியிருக்கிறார்கள். வடமத்திய மாகாணத்தில், அநுராதபுரம், பொலன்னறுவை விவசாயிகளிடையே, நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இல்லாதவர்களுக்கே சிறுநீரகம் பழுதாகும் நோய் 1990களில் இனங்காணப்பட்டது. காட்மியம், ஆர்சனிக், புளோரைட்டு, கடின நீர், வெப்பத்தில் உடலின் நீர் வற்றுதல், பீடைகொல்லிகள் என்று பல காரணங்கள் முன்வைக்கப்பட்டன. 2014 இல் கடின நீரும் கிளைபோசேற்றும் சேர்ந்து காரணமாகலாம் என்ற கருதுகோளை ஒரு கட்டுரை வெளியிட்டது. அது கருதுகோள்தான். அடுத்த ஆண்டே நாடு முழுவதும் கிளைபோசேற் தடை செய்யப்பட்டது.

தேயிலைத் தோட்டங்களில் களை வளர்ந்தது. அதைக் கையால் பிடுங்கியவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. பின்னர் மீண்டும் தடை வந்தது, மீண்டும் நீங்கியது. இத்தனைக்கும் வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக நோய்க்கு இன்றும் எல்லாரும் ஏற்றுக்கொண்ட ஒரே காரணம் கிடையாது. கிளைபோசேற் பயன்பாடு வேறுபட்ட எல் சல்வடோர், நிக்கரகுவா ஆகிய நாடுகளின் கரும்புத் தொழிலாளரிடையே இதை ஒத்த நோய் இருப்பதால், கடும் வெயிலில் நீரின்றி உழைப்பதைப் பலர் சந்தேகிக்கிறார்கள். அது உண்மையானால், தடையினால் எவருடைய சிறுநீரகமும் காப்பாற்றப்பட்டிருக்காது. நிழலும் குடிநீரும் ஓய்வும் கொடுத்திருந்தால் காப்பாற்றப்பட்டிருக்கலாம்.

புள்ளிவிபரம் எழுதியது:

மலைநாட்டார் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் தடைகள் எல்லாமே வீண் என்று யாரும் முடிவெடுக்கக் கூடாது. இலங்கை 1995 இலிருந்து கடும் நச்சுத்தன்மை கொண்ட பீடைகொல்லிகளையும், பின்னர் எண்டோசல்பானையும் பராகுவாற்றையும் படிப்படியாகத் தடை செய்தது. 1995 அளவில் உச்சத்தில் இருந்த தற்கொலை வீதம் 2015 ஆம் ஆண்டளவில் எழுபது சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. உலகின் பிற நாடுகள் இன்று நம்மைப் பார்த்துக் கற்கும் சில விடயங்களுள் இதுவும் ஒன்று. அந்தத் தடைகள் பலித்ததற்குக் காரணம், எந்தப் பொருள் எத்தனை பேரைக் கொல்கிறது என்பது வைத்தியசாலைப் பதிவுகளிலேயே எண்ணி எடுக்கக்கூடியதாக இருந்தது.

நச்சியல் மேசை எழுதியது:

சுண்ணாகத்தாருக்கும் மலைநாட்டாருக்கும் இடையில் நான் நடுவராக நிற்க விரும்பவில்லை. ஆனால் இரண்டு நிகழ்வுகளும் ஒரே வகையானவை அல்ல. சுண்ணாகத்தில் மாசின் ஊற்று தெரிந்திருந்தது, அது கிணற்றுக்குள் வந்த வழி தெரிந்திருந்தது, நீரைக் குடிப்பதை நிறுத்துவதால் வேறு எவருக்கும் தீங்கில்லை. அங்கே நோய் வரும்வரை காத்திருப்பது அநியாயம். வடமத்தியில் நோய் தெரிந்திருந்தது, ஊற்று தெரியவில்லை. அங்கே ஒரு பெயரைச் சூட்டிவிட்டால் மற்றத் தடங்களைத் தேடும் ஊக்கம் குறைந்துவிடுகிறது. ‘முன்னெச்சரிக்கை’ என்ற ஒரே தலைப்பின் கீழ் இரண்டையும் வைத்தால் விவாதம் நகராது.

சுண்ணாகத்தார் ஈயத்தைத் தொட்டதால் அதற்கு வருகிறேன். பெற்றோலிலிருந்து ஈயம் நீக்கப்பட்ட பின் கொழும்புப் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு குறைந்ததை இங்குள்ள மருத்துவர்களே அளந்து எழுதினார்கள். அதோடு கதை முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். முடியவில்லை. ஏழு ஆய்வுகளின் 1,333 பிள்ளைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2005 இல் வெளியான பகுப்பாய்வு, ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் ஈயம் 2.4 இலிருந்து 10 மைக்ரோகிராமாக ஏறும்போது நுண்மதி ஈவு சராசரியாக 3.9 புள்ளிகளும், 10 இலிருந்து 20 ஆக ஏறும்போது 1.9 புள்ளிகளும், 20 இலிருந்து 30 ஆக ஏறும்போது 1.1 புள்ளியும் குறைவதாகக் கண்டது. முதற்படியிலேயே சரிவு மிகவும் செங்குத்து. கொஞ்சம் இருந்தால் கொஞ்சம்தான் தீங்கு என்ற நமது வழமையான எண்ணம் ஈயத்தில் தோற்றுப்போகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 1991 இல் 10 என்றும், 2012 இல் 5 என்றும், 2021 இல் 3.5 என்றும் தன் கவனிப்பு எல்லையைக் குறைத்துக்கொண்டே வந்ததற்கு இத்தகைய ஆய்வுகளே காரணம்.

இன்று வீட்டுக்குள் ஈயம் வரும் வழிகள் பழைய எனாமல் பூச்சு உரிந்த தூசி, மின்கலங்களை உடைத்து உருக்கும் இடங்களின் மண், உடுப்போடு வரும் பட்டறைப் புழுதி போன்றவை. நம்மவர் வீடுகளுக்கு இன்னும் இரண்டைச் சேர்ப்பேன். ஒன்று குங்குமமும் கண்மையும். நியூ ஜேர்சியிலும் இந்தியாவிலும் வாங்கிய 118 குங்கும மாதிரிகளைப் பரிசோதித்து 2017 இல் வெளியான ஆய்வில் பெரும்பாலானவற்றில் ஈயம் இருந்தது. சிலவற்றில் அது மிகவும் உயர்ந்திருந்தது. கைக்குழந்தைக்குக் கண்ணில் மை தீட்டினால் குழந்தையின் விரல்கள் கண்ணைக் கசக்கிவிட்டு வாய்க்குள் போகும். மற்றது மஞ்சள் தூள். பங்களாதேஷில் நிறம் ஏற்றுவதற்காக மஞ்சளில் ஈயக் குரோமேற் கலக்கப்பட்டதை ஆய்வாளர்கள் 2019 இல் வெளிப்படுத்தினார்கள். அந்நாட்டு அரசு, சந்தைகளில் சோதனை நடத்தித் தண்டம் விதித்தது. 2019 இல் பரிசோதித்த மாதிரிகளுள் 47 சதவீதத்தில் இருந்த ஈயம் 2021 இல் ஒன்றிலும் காணப்படவில்லை. பெரிய இயந்திரமோ வெளிநாட்டுக் கடனோ இல்லாமல் ஒரு நாடு இரண்டே ஆண்டுகளில் சாதித்தது இது. நமது மஞ்சளும் அப்படியே என்று நான் சொல்லவில்லை. முடிந்தால் மஞ்சட் கிழங்கை வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

வெள்ளவத்தை மூன்றாம் மாடி எழுதியது:

அஸ்பெஸ்டஸ், நுண்பிளாஸ்டிக், நீர்வடிகட்டி ஆகிய மூன்றும் எஞ்சியிருக்கின்றன. கடற்பக்கம் வீடு என்பதால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் பிளாஸ்டிக் மணிகளைப் பிள்ளைகள் கையில் எடுத்து விளையாடிய நினைவு இன்னும் உறுத்துகிறது.

நச்சியல் மேசை எழுதியது:

அஸ்பெஸ்டஸில் ஆபத்து நாரைச் சுவாசிப்பதில் இருக்கிறது. உடையாத, பூச்சுப் பூசிய கூரைத்தகட்டின் கீழ் உறங்குவதும், அதே தகட்டை மின்வாளால் அறுக்கும் தொழிலாளியாக இருப்பதும் வெவ்வேறு உலகங்கள். நோய் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தே வெளிப்படும் என்பதால் அறுப்பவருக்கு அன்று எதுவும் தெரியாது. கூரையை மாற்றும்போது தகட்டை நனைத்து, உடைக்காமல், முழுதாகக் கழற்றச் சொல்லுங்கள். பிள்ளைகளை அன்று வேறிடம் அனுப்புங்கள். தகடுகளின் இறக்குமதியை நிறுத்தும் திட்டம் அஸ்பெஸ்டஸை ஏற்றுமதி செய்யும் ரஷ்யா 2017 இல் நமது தேயிலையைத் தற்காலிகமாகத் தடுத்ததைத் தொடர்ந்து பின்போடப்பட்டதை நாளிதழ் படித்தவர்கள் அறிவார்கள். அது ஆய்வின் குறையன்று.

2021 இல் அந்தக் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. மணியைக் கையில் எடுத்ததால் பிள்ளைக்கு வரும் தீங்கு கடலுக்கும் மீனவருக்கும் வந்ததோடு ஒப்பிட முடியாத அளவு சிறியது. நுண்பிளாஸ்டிக் மனித உடலில் என்ன செய்கிறது என்ற ஆய்வு இன்னும் இளமையானது. கழுத்து நாடியின் கொழுப்புப் படிவில் நுண்பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவை நான்கரை மடங்கு அதிகமாக நேர்ந்ததாக 2024 இல் இத்தாலிய ஆய்வொன்று காட்டியது. அது கவனிக்க வேண்டிய முடிவு. ஆனால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று அது நிறுவவில்லை. ஆய்வுகூடத்துப் பிளாஸ்டிக்கே மாதிரியில் கலக்கும் சிக்கலும் இத்துறையில் உண்டு.

நீரைப் பொறுத்தவரை, கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஈயமும் நைத்திரேற்றும் போகாது. நீர் வற்றுவதால் சற்றுச் செறிவடையும். கொழும்பின் குழாய் நீருக்கு விலையுயர்ந்த வடிகட்டி அவசரமன்று. விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போய்க் கிணற்று நீரில் பால்மா கரைப்பவர்கள்தான் நைத்திரேற்றை அளந்து பார்க்க வேண்டும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற வழிகாட்டல் எல்லை போத்தற்பால் குடிக்கும் சிசுக்களை மனதில் வைத்தே வகுக்கப்பட்டது.

கொட்டாஞ்சேனைத் தாய் எழுதியது:

பிள்ளைக்கு ஈயப் பரிசோதனை செய்வதென்றால் எதைக் கவனிக்க வேண்டும்?

நச்சியல் மேசை எழுதியது:

விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தில் அளவு உயர்ந்து காட்டினால், தோலில் இருந்த தூசியும் காரணமாக இருக்கலாம் என்பதால் நாளத்திலிருந்து எடுத்து உறுதிப்படுத்த வேண்டும். இரும்புச் சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளை ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். நெத்தலியும் கீரையும் பருப்பும் இங்கே மருந்துக்கு நிகரானவை. தரையை உலர்ந்த விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

சுண்ணாகம் கிணறு எழுதியது:

ஊற்று தெரிந்த இடத்தில் காத்திருக்கக் கூடாது என்று நீங்கள் எழுதியதை ஏற்கிறேன். ஆனால் ஊற்று தெரியாமல் இருப்பதற்குப் பல வேளைகளில் காரணம் யாரும் தேடாததுதான். யாழ்ப்பாணத்துக் கிணறுகளைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

புள்ளிவிபரம் எழுதியது:

தேடுவது என்றதும் ஒன்றைச் சொல்கிறேன். மலிவான நுண்துகள் உணரி இரண்டு என்னிடம் இருக்கின்றன. வெள்ளவத்தை அன்பர் விரும்பினால் ஜனவரி மாதம் முழுவதும் ஒன்றை அவருடைய வீதிப்பக்கச் சன்னலிலும் மற்றதைக் கடற்பக்கத்திலும் வைக்கலாம். ஆனால் இவை ஒளிச்சிதறலைக் கொண்டு அளப்பவை. கொழும்பின் ஈரப்பதத்தில் துகள்கள் நீரை உறிஞ்சிப் பெருப்பதால் அளவைக் கூட்டிக் காட்டும். கடற்பக்கத்தில் உப்புத் துகளும் சேரும். எனவே முதல் வாரம் இரண்டையும் ஒரே இடத்தில் அருகருகே வைத்து அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு, பிறகே பிரிக்க வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் 5 என்ற எண்ணோடு அந்த அளவீட்டை நேரே ஒப்பிடக் கூடாது. பிள்ளைகளின் கட்டில் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க அது போதும்.

வெள்ளவத்தை மூன்றாம் மாடி எழுதியது:

சம்மதம். பாடசாலை நேரத்தையும் நெரிசல் நேரத்தையும் தனித்தனியே பிரித்துக் கணக்கெடுக்க முடியுமானால் இன்னும் நன்று. மின்சாரம் தடைப்பட்டால் பதிவு அறுந்துவிடுமா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

புள்ளிவிபரம் எழுதியது:

அறுந்துவிடும். கைபேசிக்குப் பயன்படுத்தும் பவர்பேங்க் ஒன்றை இணைத்துவிட்டால் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு என்று அமைக்கிறேன். நேரவாரியாகப் பிரிப்பது எளிது.